டிக்கிக்குப் போன பேட்டரி

பேட்டரிக்குச் சூடு ஆகாது. எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைச் சொல்வான், இன்ஸ்பெக்டர் ஐயா. என்ஜின் பக்கத்திலேயே இருந்தால் வெயில் காலத்தில் தண்ணீர் சீக்கிரம் சுண்டிவிடும். அதனால் பின்னால் டிக்கிக்கு மாற்றுகிறேன் என்று முதலாளி ஆபித் பாஷாவிடம் சொன்னேன். சொன்னதில் பொய் கிடையாது.

எங்கள் காரில் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் டிக்கியின் மூடியைத் தூக்கினால் உள்ளே இன்னும் இரண்டு பேருக்குச் சீட்டு. முதலாளி இளகின மனசுக்காரர். தோல் கம்பெனியில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அந்த டிக்கியில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார். "என்னைக் கேக்காதே காசி, வண்டிய எடு" என்பார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அத்தர் பூசிக்கொண்டு போய்விடுவார். கழுவுகிறவன் நான்.

அந்த நாற்றத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். ஊறின தோலின் அழுகல், சுண்ணாம்பு, மயிர், வேர்வை எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை காய்ச்சல்காரன் ஒருவனை ஏற்றிப்போன மூன்றாம் நாள் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அவன் வேட்டியிலிருந்து உதிர்ந்த, தோலில் சுரண்டின சவ்வுத் துண்டு ஒன்று ஒட்டிக்கிடந்தது. அதில் புழு. நகத்தால் சுரண்டி எடுத்தேன். அன்றிலிருந்து கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

என் அப்பாவும் அந்தக் கம்பெனியில், தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் இழுத்தவர்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் ஒருத்தனும் உட்கார மாட்டான். டிரைவராகிக் காக்கிச் சட்டை போட்ட பிறகுதான் மனிதர்கள் என் அருகில் நின்று பேசினார்கள்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, தேக்குப் பலகையில் பெட்டி அடித்து, அதற்குள் பேட்டரியை வைத்து இறுக்கினேன். தடித்த ஒயரைத் தரைப்பலகைக்கு அடியில் முன்னால் கொண்டுபோய், உரசாமலிருக்கத் தோல் வாரால் கட்டினேன். ஓரத்தில் வைத்திருந்தால் ஓர் ஆள் உட்கார இடம் மிஞ்சியிருக்கும். அதனால் நடுவில் வைத்தேன்.

பதினைந்தாம் நாள், கம்பெனியில் தோல் இழுக்கிற துரைசாமி கால் வழுக்கிச் சுண்ணாம்புக் குழியில் விழுந்தார். முதலாளி மதராஸ் போயிருந்தார். சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே போய், தொண்டை வீங்கிக்கொண்டே வந்தது. நான்கு பேர் கோணியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கண்ணிமை வெந்து ஒட்டியிருந்தது, வாயில் வெள்ளையாக நுரை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், மறைக்க மாட்டேன். கூடவே ஓடி வந்த அவர் பெண்சாதி கண்ணம்மாள் எங்கள் தெருதான். சின்ன வயசில் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அன்று கூப்பிடவில்லை.

டிக்கியைத் திறந்து காட்டினேன். "இடமில்ல. ஆசிட் இருக்குது, சிந்துச்சின்னா ஆளு வெந்துடுவான்."

"முன்னாடி ஒக்கார வெக்கறேன் காசி. நான் வர்ல. அவர மட்டும் இட்டுனு போ."

"அது முதலாளி சீட்டு."

முதலாளி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"இன்னா காசி இது, உங்கப்பன் செத்தப்போ தோள் குடுத்தவரு இவரு" என்றாள். உண்மைதான். ஆனால் அதை அத்தனை பேர் முன்னால் அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். காட்பாடி பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டதாம். அதற்குள் கார் வேலூரைத் தொட்டிருக்கும் என்று ஊரில் பேசுகிறார்கள். தொட்டிருக்கும்தான். என்ஜினை அவ்வளவு நன்றாக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர்மேல் பகை ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை, நல்ல மனிதர். வெயிலுக்காகப் பேட்டரியை மாற்றவில்லை. இவர்கள் யாரும் ஏறக் கூடாது என்றுதான் மாற்றினேன். முன் சீட் காலியாக இருந்தும் அவரை ஏற்றாதது நாற்றத்துக்காகத்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. என் வண்டியில் ஏறின யாரும் இதுவரை செத்ததில்லை.