இரண்டு பக்கமும் சிங்கம் பதிந்த நாலணா

பெயர் தாட்சாயணி அம்மாள். வயது அறுபத்தெட்டு. காலமான வெங்கடசாமியின் மனைவி. இருப்பிடம் சித்தூர், கிரீம்ஸ்பேட்டை, சொந்த வீடு. படிப்பு வேலூரில் கான்வென்ட் பள்ளி. தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும். தெலுங்கு பேசுவேன், படிக்கத் தெரியாது. எல்லை முடிவாகி எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டதால் வாக்குமூலத்தைத் தெலுங்கில்தான் எழுத வேண்டும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். வாசிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் சொன்னதன் பேரில் இது தமிழில் எழுதப்படுகிறது.

முதலில் ஒரு திருத்தம். நான் கள்ளக்காசு சேர்ப்பவள் என்றும், என் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் பஸ் கண்டக்டர் தாமோதரன் அவற்றை எனக்காக மாற்றிக் கொடுத்துவந்தார் என்றும் எங்கள் தெருவில் பேசுகிறார்கள். அது பொய். என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருப்பவை அரசாங்க நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்டு வெளியே வந்த காசுகள். என் கணவர் கஜானாவில் நோட்டக்காரராக இருந்தவர். வருகிற காசில் நல்லதையும் கள்ளத்தையும் பார்த்துப் பிரிப்பது அவர் உத்தியோகம். பிழைக்காசு கண்ணில் பட்டால் தன் கைக்காசைப் போட்டு அதை எடுத்துவந்து லென்ஸ் வைத்து எனக்குக் காட்டுவார். அச்சு நகர்ந்து விழுந்ததையும், பிறகு யாரோ அரத்தால் ராவியதையும் பிரித்துச் சொல்ல அப்படித்தான் எனக்குத் தெரியும். டின்னைத் திறந்து பார்க்கலாம் என்று இரண்டு முறை சொல்லியனுப்பினேன். ஒருவரும் வரவில்லை.

கடந்த மாசி மாதம் ஒரு மாலை தாமோதரன் வேலை முடிந்து வந்து ஒரு நாலணாவை, அதாவது இருபத்தைந்து நயாபைசா காசை, என்னிடம் காட்டினார். அவர் சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "அம்மா, இத்தப் பாருங்க. ரெண்டு பக்கமும் சிங்கம் கீது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எவனோ எந்தலையில கட்டிட்டுப் பூட்டான்" என்றார். நான் லென்ஸில் பார்த்தேன். மேடான பக்கத்தில் சிங்கங்களின் பிடரி மயிர்கூடத் தேயாமல் இருந்தது. பள்ளமான பக்கத்தில் அதே சிங்கங்கள், எழுத்துகள் உட்பட, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, அதே அளவில், அதே கூர்மையோடு இறங்கியிருந்தன. விளிம்புக் கீற்றுகள் ஒன்றுகூட நசுங்கவில்லை.

அதைப் பார்த்த பிறகு நான் அவருக்குச் சொன்னது இது. நாணயச்சாலையில் முன்னால் அடித்த காசு கீழே விழாமல் மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த தகடு வந்தபோது, எண் இருக்கும் அந்த மேலச்சு படவேண்டிய இடத்தில் அந்தக் காசின் சிங்கமுகம் பட்டது. அதனால் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் விழுந்திருக்கிறது. வெளியே ஒருவன் இரண்டு காசை இடுக்கியில் வைத்து நெருக்கியோ, சுத்தியால் அடித்தோ இதைச் செய்ய முயன்றால் அடி வாங்குகிற பக்கம் தட்டையாகிவிடும், விளிம்பும் பிதுங்கும். இது அப்படி இல்லை. செலவு செய்யாதே, நாணயச்சாலைக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். "இன்னா வெலைக்குப் போவும்மா?" என்றார். நாணயச்சாலை காசு அடிக்கிற இடம், விலைக்கு வாங்குகிற இடமல்ல என்றேன். சிரித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அந்தக் காசை அவர் மனைவி வரலட்சுமி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவதாக அப்போதுதான் தங்கியிருந்தது. இந்தப் பக்கத்தில் திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டு முடிப்புக் கட்டுகிறவர்கள் ஒன்றேகால் ரூபாயை மஞ்சள் துணியில் முடிவார்கள். இரண்டு பக்கமும் சிங்கம் இருப்பது சாமி அனுப்பிய அடையாளம் என்று சொல்லி, அந்த ஒன்றேகாலில் கால் ரூபாயாக இதை வைத்தாள். வைக்கும் முன், பல பேர் தொட்ட காசு தீட்டு என்று புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தாள். நான் கிணற்றடிக்குப் போனபோது தேய்த்து முடித்திருந்தாள். "பளபளன்னு ஆயிடுச்சும்மா!" என்று காட்டினாள். காசின் மேல்தோல் போய், இரண்டு பக்கமும் வட்டவட்டமாகக் கீறல் விழுந்திருந்தது.

அதன் பிறகு வைகாசியில், மலைக்குப் போகிற நாள்வரை முடிப்பு ஆம்பிளை இடுப்பில் இருக்கட்டும் என்று வரலட்சுமி சொன்னதால் தாமோதரன் அதை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். திருப்பதி பஸ் நிலையத்தில் கம்பெனி செக்கிங் இன்ஸ்பெக்டர் சோதனை போட்டு, வசூல் பணத்தை மடியில் மறைத்திருப்பதாகச் சொல்லி முடிப்பை இழுத்தார். "சாமி காசு சார், அவுக்காதீங்க" என்று தாமோதரன் அவர் கையைத் தள்ளினார். இன்ஸ்பெக்டர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஓஹோ, ஏழுமலையானுக்கே செல்லாக்காசா? துணிச்சல்காரன்டா நீ" என்று சொல்லிப் போலீஸைக் கூப்பிட்டார். இந்தப் பேச்சு அந்த பஸ் டிரைவர் முனிரத்தினம் அன்றே என் வீட்டுக்கு வந்து சொன்னது. நான் நேரில் கேட்டதல்ல.

அடுத்த நாள் நான் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய், தாமோதரனை வைத்திருந்த காவல் நிலையத்தில் அந்தக் காசைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வெகுநேரம் உட்கார்ந்த பிறகு காட்டினார்கள். அதற்குள் கோவர்த்தன ஆசாரி என்ற தட்டாரைக் கூப்பிட்டுச் சோதித்திருந்தார்கள். பள்ளத்தில் இருக்கும் கீறலைப் பார்த்து, உளியால் குடைந்த வேலை என்று அவர் சொல்லியிருக்கிறார். குடைந்த கீறலாக இருந்தால் பள்ளத்தில் மட்டும் இருக்க வேண்டும். இந்தக் கீறல் பள்ளத்திலும் அதைச் சுற்றியுள்ள மட்டத்திலும் ஒரே வட்டமாக ஓடுகிறது, தேய்த்த விரல் போன வழியில் போகிறது என்று நான் சொன்னேன். அதன் பிறகு காசைத் திருப்பினேன். உள்ளே ஈயமா என்று பார்க்க விளிம்பில் வெட்டியிருந்தார்கள். வெட்டு சிங்கத்தின் முகம்வரை போயிருந்தது. அதைப் பட்டறைக்கல்லில் வைத்து அடித்திருந்ததால் மேடான பக்கம் நசுங்கியிருந்தது. இந்தக் காசு நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும், ஈயம் ஒட்டாது. காந்தம் என் பையில் இருந்தது. வெட்டும் முன் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது அந்த ஒரு காசில் மூன்று காரியங்கள் இருக்கின்றன: நாணயச்சாலையின் பிழை, வரலட்சுமியின் புளி, ஆசாரியின் உளி. பின்னிரண்டும் விழுவதற்கு முன் லென்ஸில் பார்த்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரி குடித்தனக்காரனுக்காகத்தானே பேசுவாள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு தாமோதரனைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். "நான்தான் சுத்தியில அடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேம்மா. கேஸ் சின்னதாப் பூடும்னாங்க. அவகிட்ட சொல்லாதீங்க" என்றார். அவரிடம் சுத்தி கிடையாது. பின்கட்டில் சாமி படம் மாட்ட ஆணி அடித்ததுகூட என் இடிகல்லால்தான். அவர் எழுதிக்கொடுத்தபடி சுத்தியால் அடித்திருந்தால் அந்தச் சிங்கங்களுக்கு முகமே இருந்திருக்காது. மாசியில் இருந்தது. இப்போது இல்லை. ஆகவே, இன்று காசைப் பார்க்கிறவர்களுக்கு அவர் எழுதிக்கொடுத்ததுதான் உண்மைபோல் தோன்றும். அது எனக்கும் தெரிகிறது.

வரலட்சுமிக்கு இது ஏழாம் மாதம். நேற்றுக் காலை வந்து, "அம்மா, மறுபடி முடிப்புக் கட்டணும், உங்க டப்பாவுலேர்ந்து நல்ல காசு ஒண்ணு குடுங்க" என்று கேட்டாள். அந்த டின்னில் நல்ல காசு ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

மேலே எழுதியதில் நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன். முழுவதையும் நானே படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினேன். இது உண்மை.

அந்தக் காசை, வெட்டுப்பட்ட நிலையிலேயே, பம்பாய் நாணயச்சாலைக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பீர்களா, மாட்டீர்களா என்பதை மேற்கண்ட விலாசத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டீர்கள் என்றாலும் அதையும் எழுதித் தரவும்.

(ஒப்பம்)
வெ. தாட்சாயணி அம்மாள்