ஐஸ் வாங்கப் போன அப்பா

இல்லம்மா, நீங்க முன்னாடி போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இப்ப போனாங்களே கைக்கொழந்தையோட, அவங்களையும் நான்தான் முன்னாடி விட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு டீச்சருங்க. அதுக்கும் முன்னாடி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒரு கும்பல். நான் இந்தக் கையெழுத்து வரிசையில வந்து நின்னப்ப எனக்கு முன்னாடி பதினோரு பேரு. ஒரு மணி நேரமா நிக்கிறேன், இப்பவும் எனக்கு முன்னாடி பதினோரு பேருதான்.

நீங்களும் போகலையா? சரி, நில்லுங்க. பேச்சுத் துணையாச்சு.

இந்தப் புஸ்தகமா? என்னுதுதான். ஏன் இப்படி அழுக்கா இருக்குன்னுதானே பாக்குறீங்க. கிரீஸ்மா, தொடச்சாலும் போக மாட்டேங்குது. வெஸ்லக்கோ ஊர்ல ரயில்பாதைக்கு அந்தப்பக்கம் டயர் கடை வச்சிருக்கேன். ஒரு பஞ்சர் ஒட்டுவேன், கையத் தொடச்சுட்டு நாலு வரி படிப்பேன், அதுக்குள்ள அடுத்த வண்டி வந்துரும். இங்கிலீஷ் நமக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஸ்பானிஷ்ல இருந்திருந்தா ஒரு வாரத்துல முடிச்சிருப்பேன். இது மூணு மாசம் இழுத்துருச்சு. அதுலயும் இந்த எரநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தப் பாருங்க, எழுத்தே தெரியல, அத்தன கைரேக. இதக் கொண்டுபோயி கையெழுத்துப் போடுன்னு அவ முன்னாடி எப்படி நீட்டுறதுன்னு கூச்சமா இருக்கு.

அந்த மேசையில புதுசு விக்கிறாங்க, பாத்தேன். புதுசக் கொண்டுபோனா நான் படிச்சதே தெரியாதுல்ல.

நீங்க பொண்ணுக்கு வாங்குனீங்களா? என்ன வயசு? பதினாலா. ம். அந்த வயசுப் புள்ளைங்களுக்குன்னுதான் எழுதிருக்கா. வீட்டப் பத்தி, காதலப் பத்தி, கண்ணாடியப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்காம நிக்கிறதப் பத்தி. நம்ம மெக்சிக்கோ ஆளுங்க பேரு, நம்ம சாப்பாடு, நம்ம வீட்டு அத்தைங்க போடுற சண்ட, எல்லாம் அச்சுல வந்திருக்கு. எனக்கு ஆச்சரியம் அதான். இதெல்லாம் கூடவா புஸ்தகத்துல போடுவாங்கன்னு.

தெரியும். எழுதுனவள எனக்குத் தெரியும். எப்படின்னா... மெதுவாப் பேசுங்கம்மா, அவ நிமிந்து பாத்துரப் போறா. தொப்பிய ஏன் இவ்வளவு கீழ இழுத்து விட்ருக்கேன்னு நெனச்சீங்க. என் பொண்ணுதான். அட்டையில நயேலி கந்தூன்னு போட்ருக்குல்ல, அந்தக் கந்தூ நான்தான். எவரிஸ்தோ கந்தூ.

மெதுவான்னு சொன்னேன்ல.

இல்ல, நான் வந்திருக்கது அவளுக்குத் தெரியாது. நேர்ல பாத்தே எட்டு வருஷம் ஆச்சு. பதினெட்டு வயசுல சிகாகோவுக்குப் படிக்கப் போனவ, அங்கேயே தங்கிட்டா. எங்க வீட்டம்மா ஒதிலியா மட்டும் போயிப் பாத்துட்டு வருவா. எங்கிட்ட போன்லதான். சாப்டீங்களாப்பா? சாப்டேன், நீ சாப்டியா? சாப்டேன்பா. அவ்வளவுதான். கோவமா ரெண்டு வார்த்த பேசுனாக்கூடத் தேவல. ஒருநாளும் பேசுனதில்ல. மரியாதையாப் பேசுவா. இந்தப் புஸ்தகத்தக்கூட ஒதிலியாதான் என் வண்டி சீட்டுல வச்சுட்டுப் போனா.

ஆமா, அந்த அழுக்குப் பக்கந்தான். செருப்பு மாட்டுற பக்கம். நீங்களும் அழுதீங்களா? முன்னாடி போன டீச்சரம்மாவும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

நல்லாத்தான் எழுதிருக்கா. கதையில அந்தப் பொண்ணோட அப்பன் ரொட்டிக்கடக்காரன். டயர் கடன்னு போட்டா ஊருக்குத் தெரிஞ்சுரும்னு மாத்திருக்கா போல. கின்சே விழா, பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு நெறையுது. ஹால் நடுவுல நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. அப்பன் வந்து எல்லாரு முன்னாடியும் முட்டி போட்டு, அவ போட்டிருக்க தட்டச் செருப்பக் கழட்டி, மொத மொதல்ல ஹீல்ஸ் மாட்டி விடணும். நீ பெரியவளாயிட்ட, நீ எப்படி இருந்தாலும் என் பொண்ணுதான்னு ஊரறியச் சொல்றதுதானம்மா அது. அந்நேரம் பாத்து அப்பனக் காணோம். மைக்குல கூப்புடுறாங்க. மறுபடி கூப்புடுறாங்க. மூணாந்தடவ கூப்புடுறப்ப கதவத் தள்ளிக்கிட்டு ஓடி வர்றான், குடிக்கிறதுல போட ஐஸ் தீந்துருச்சுன்னு வாங்கப் போயிட்டானாம். மூச்சு வாங்க முட்டி போட்டுக் காலத் தொடுறான். அவ காலுல அப்பன் கை ஜில்லுன்னு படுது. அந்த எடந்தானே? எனக்கு மனப்பாடம்.

ஐஸ் கத எங்க வீட்டுல நெசமாவே உண்டும்மா. இன்னைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், என்ன எவரிஸ்தோ, ஐஸ் வந்துருச்சான்னு கேப்பானுங்க. என் மச்சான் கொன்ராதோ இருக்கானே, எங்க கல்யாண நாளுக்கு ஒரு ஐஸ் பெட்டிக்கு ரிப்பன் கட்டிக் கொண்டாந்து குடுத்தான். எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சேன். சிரிச்சுத்தானே ஆகணும்.

நல்ல அப்பாவா? அப்படிச் சொல்லாதீங்கம்மா. அடக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. காது கூசுது, அதான்.

நெசத்துல நடந்ததச் சொல்றேன். எங்க நயேலி விழாவுக்கு அப்ப ரெண்டு வாரம் இருக்கு. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். அப்பா, மொத ஆட்டம் நான் யெசேனியாகூட ஆடட்டுமான்னா. கூடப் படிக்கிற புள்ள. ஆடேன், கூட்டாளிதானேன்னேன். கூட்டாளி இல்லப்பா, எனக்கு அவளத்தான் புடிச்சிருக்குன்னா. தட்டப் பாத்துச் சொல்லல, என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா. பதினஞ்சு வயசுகூட முடியல. எனக்கு அந்தத் தைரியம் அம்பது வயசுலயும் வரல.

நான் என்ன சொன்னேனா? உப்ப இந்தப்பக்கம் தள்ளுன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

விழாவ நிறுத்துறதாவது. நம்மள்ல எவனுக்கு அது சொந்தக் காசுல மட்டும் நடக்குது? கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், கவுனுக்கு ஒரு ஞானத்தாய், பாட்டுக்காரங்களுக்கு ஒருத்தர், ஹாலுக்கு ரெண்டு குடும்பம், ஹீல்ஸுக்குக் கொன்ராதோ சம்சாரம். எல்லார் பேரும் பத்திரிகையில அச்சடிச்சாச்சு. நிறுத்துனா இருவது வீட்டுக்கு ஏறி எறங்கிக் காரணம் சொல்லணும். அந்தக் காரணத்தச் சொல்ல எனக்கு வாயி வராது. அவளும் விட்டுக்குடுத்துட்டா. நான் கேக்கவே இல்லம்மா, அவளாவே அத்த மகனோட ஆடுறேன்னுட்டா. எனக்காக. புஸ்தகத்துல அப்படி இல்ல, அந்தப் பொண்ணு தனக்குப் புடிச்ச புள்ளயோடதான் ஆடுது. படிக்கிறப்ப, இதையாவது இங்க ஆடிட்டாளேன்னு இருந்துச்சு.

ஆனா பேச்சு எப்படியோ கசிஞ்சிருச்சு. விழா அன்னைக்கு நான் கையில பார்பகோவாக் கறித் தட்டோட போறேன், ஒரு மேசையில நாலு பேரு டக்குனு பேச்ச நிறுத்திட்டானுங்க. எல்லாம் எங்கிட்ட டயர் மாத்துறவனுங்க. அப்புறம் ஒரு சிரிப்பு. என்னயப் பாத்துச் சிரிச்சானுங்களா, வேற எதுக்காவதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இது என்ன மஞ்சச் சீட்டு? ஓ, யாருக்குக் கையெழுத்துன்னு பேரு எழுதி மொதப் பக்கத்துல ஒட்டணுமா. இங்க வேல பாக்குற பொண்ணு எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போயிருச்சு. எழுதுறேன், இருங்க. முன்னாடி எத்தன பேரு இருக்காங்க? மூணு பேருதானா. அதுக்குள்ளயா.

என்ன கேட்டீங்க? கை நெசமாவே ஜில்லுன்னு இருந்துச்சான்னா?

ஐஸ் தீரவே இல்லம்மா. ஹால் சமையல்கட்டுல ரெண்டு தொட்டி நெறைய இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலதான் நின்னேன், கதவுக்குப் பின்னாடி. கதவு ஒரு சாண் தொறந்திருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுது. புஸ்தகத்துல மூணு தடவதான் கூப்புடுறாங்க, அன்னைக்கு அஞ்சு தடவ கூப்டாங்க. பாட்ட நிறுத்திட்டு மறுபடி மொதல்லேர்ந்து போட்டாங்க. கண்டவன் வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் ஒரு நாளைக்கு முப்பது தடவ முட்டி போடுறவன் நான். அந்த நாலு பேரு பாத்துச் சிரிப்பானுங்களோன்னு அன்னைக்குப் போகல. கடைசியில அவளே குனிஞ்சா. அவ்வளவு பெரிய கவுன ஒரு கையால அமுக்கிக்கிட்டு, ஒத்தக் கையால ஹீல்ஸோட வார மாட்டுனா, ரெண்டு காலுக்கும். நிமிந்தவ நேரா அந்தக் கதவுச் சந்தப் பாத்தா. என்னயப் பாத்தா.

அப்புறமா நான் வெளிய வந்து, ஐஸ் வாங்கப் போயிட்டேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ மைக்க வாங்கி, ஆமா, நான்தான் அப்பாவ அனுப்புனேன்னா. பதினஞ்சு வயசு.

இப்ப புஸ்தகத்துலயும் அதையே எழுதிருக்கா பாருங்க. என்னய ஓடியாற வச்சிருக்கா. கையக்கூட ஜில்லுன்னு ஆக்கி வச்சிருக்கா. திட்டி எழுதிருந்தான்னா நேராப் போயி நின்னிருப்பேன்மா.

உங்கள கூப்புடுறாங்க, போங்க. எனக்குப் பின்னாடி யாரும் இருக்காங்களா? யாருமே இல்லையா. சரி. ஒரு நிமிஷம், இந்தச் சீட்டுல மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, எனக்குக் கோணக் கோணையா வருது. எவரிஸ்தோன்னு மட்டும் போடுங்க. அப்பான்னு போட்ராதீங்கம்மா. அத அவளா எழுதுனா எழுதட்டும்.