கலாஜினி தைத்த திரை

வேலை குவிந்து கிடக்கும் நாட்களில் அக்குளில் இறுக்குகிற உடுப்பைப் போட்டால் தையல் நேராக வராது. பத்தொன்பது வருடம் தையல் கடை நடத்தியதில் நான் கண்டது இது. வண்ணக்கர் ஐயா, போன செவ்வாய்க்கிழமை நீங்கள் என் கடைக்கு வந்து, நடந்ததை எழுதித் தா பிரஷாந்தி என்று கேட்டபோது உங்கள் சேட்டின் மூன்றாவது பொத்தான் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. கோயிலை நிருவகிக்கிற ஒருவர் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படி நல்ல முடிவு எடுக்க முடியும்? கொண்டு வாருங்கள், இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தருகிறேன்.

உடுப்பைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கோயில் திரை எப்படித் தைக்கப்பட்டது என்றுதானே கேட்டீர்கள்? அது உடுப்பில்தான் தொடங்கியது.

அம்மனுக்கு முன்னால் தொங்குகிற திரை கிழிந்து இரண்டு வருடம். வைகாசிச் சடங்கின் கடைசி நாளான குளிர்த்திக்குப் புதுத் திரை கட்ட வேண்டும் என்று தீர்மானித்தீர்கள். சிவப்பா மஞ்சளா என்று மூன்று கூட்டம் கூடினீர்கள். மூன்றாவது கூட்டத்தில் கதிரை தூக்கும் அளவுக்குப் போனதாகக் கேள்வி. சிவப்புப் பட்டு என் கைக்கு வந்து சேர்ந்தபோது குளிர்த்திக்கு ஒன்பதே நாள். நடுவில் பெரிய சிலம்பு ஒன்று, சுற்றிவர நாற்பத்தெட்டுத் தாமரை, எல்லாம் பொன்முத்து வைத்துக் கைவேலை. செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யலாம் என்றேன். இல்லை என்றால் நீங்கள் அதைக் களுவாஞ்சிக்குடி நிருஷாவிடம் கொடுத்திருப்பீர்கள். அவள் அதை மெசினில் ஓட்டி, தாமரையை முட்டைக்கோவா மாதிரி ஆக்கியிருப்பாள்.

எனக்கு வெட்டத் தெரியும், மெசின் ஓட்டத் தெரியும், வாடிக்கையாளர்களைப் பேசிச் சமாளிக்கத் தெரியும். முத்து வைத்துத் தைப்பது கலாஜினிக்குத்தான் தெரியும். அவளுக்கு இருபத்தாறு வயது. வாவிக்கு அங்கால், படுவான்கரையில், தாயோடும் அண்ணன் ஜதுர்சனோடும் இருக்கிறவள். காலையில் இயந்திரப் பாதை என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, குருக்கள்மடத் துறையில் இறங்கினால் என் கடை. கால்மணி நேரப் பயணம். ஆனால் பாதை வரும்வரை காத்திருப்பது, போவது, வருவது என்று ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் போய்விடும். அதனால் அந்த ஒன்பது நாளும் என் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். கடையும் வீடும் ஒரே கூரைதானே. தாய்க்குச் சந்தோசம். "அம்மன்ர வேலை, நல்லாச் செய் மகள்" என்று சொல்லித்தான் அனுப்பினவ.

பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிச் சட்டை தைத்தேன். கை முழங்கைக்கு மேல். அக்குளில் இரண்டு அங்குலம் கூடுதல். பொத்தான் இல்லை, இலாஸ்ரிக் இல்லை. முன்னால் கத்தரிக்கோல் வைக்க ஒரு பை. கலாஜினி போட்டுப் பார்த்துவிட்டு, "தலகணி உறை மாதிரிக் கிடக்கு அக்கா" என்று சிரித்தாள். தலையணை உறைதான். ஆனால் நாள் முழுக்கக் குந்தியிருந்தாலும் உடம்பு இருப்பதே தெரியாது. உடம்பை மறந்தால்தான் வேலை நினைவிருக்கும்.

மற்ற ஒழுங்குகளையும் சொல்கிறேன், உங்கள் கோயில் கந்தோரில் எழுத்துவேலை செய்கிற பிள்ளைகளுக்கும் உதவும். சுவரைப் பார்த்துக் குந்த வேண்டும், வீதியைப் பார்த்தல்ல. மத்தியானம் சோறு கூடாது, பயற்றங் கஞ்சி போதும். சோறு கண்ணை இழுக்கும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பிளேன் ரீ. காதில் பஞ்சு. இருவரின் போனும் பிஸ்கட் ரின்னுக்குள், ரின் குசினியில். பின்னேரம் ஐந்து நிமிடம் மட்டும் எடுத்துப் பேசலாம். அடித்தால் எழும்பிப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது, அதனால் என் காதில் மட்டும் பஞ்சு இல்லை. பார்த்தீர்களா, கஷ்டமான வேலையை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆறு நாள் அருமையாகப் போயின. ஏழாம் நாள் சனிக்கிழமை. தாமரை முடிந்திருந்தது, சிலம்பு பாதி. பத்து மணிக்குத் தேயிலை போட நான் குசினிக்குப் போனபோது கலாஜினியின் போன் ரின்னுக்குள் கிடந்து அதிர்ந்தது. ஜதுர்சன். தாய் கிணற்றடியில் விழுந்து, வைத்தியசாலைக்குக் கொண்டு போகிற வழியில் முடிந்துவிட்டது என்றான்.

எனக்குக் கவலைதான். நல்ல மனுசி. போன பொங்கலுக்கு எனக்கு ஒரு பெட்டி நிறையப் பச்சரிசி அனுப்பினவ. ஆனால் கவலையோடு கவலையாக இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. செய்தி காதில் விழுந்த கணமே கலாஜினிக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் துணியை அவள் தொடக்கூடாது. சிலம்பு பாதியில் நிற்கும், குளிர்த்தி திங்கட்கிழமை.

இந்த இடத்தில்தான் உங்கள் நிருவாகத்துக்குச் சந்தேகம் என்று நினைக்கிறேன். துடக்கு உள்ளவள் தைத்த திரையா, கழற்ற வேண்டுமா என்பது. ஐயா, துடக்கு கேட்டால்தான் தொடங்கும். கேட்காதவளுக்கு ஏது துடக்கு? நான் கேட்டேன், ஆனால் நான் சொந்தமில்லை. ஆகவே அந்தத் துணியைத் தொட்ட நாலு கையும் சுத்தம். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் மகள் விதுர்ஷாவின் கலியாணத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா செத்த செய்தியைத் தாலி ஏறும்வரைக்கும் பொக்கற்றுக்குள் வைத்திருந்தவர் யார்? பந்தியில் நின்று பாயசம் பரிமாறினீர்கள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அன்றைக்கு நான் உங்களை எவ்வளவு மெச்சினேன் தெரியுமா?

மறைக்க நினைத்ததும் நான் மட்டுமல்ல. நாங்கள் கொழும்பில், முத்து வாங்க வந்த இடத்தில் நிற்கிறோம், இரவு பஸ்ஸில்தான் ஏறலாம் என்று ஜதுர்சனிடம் சொன்னேன். அது பொய், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அவனே என்ன சொன்னான்? "அவளுக்கு இப்ப சொல்லாதீங்க அக்கா, வழியில விழுந்திருவாள். அம்மாக்குக் கொஞ்சம் சுகமில்ல எண்டு மட்டும் சொல்லிக் கூட்டி வாங்க." நான் ஓம் என்றேன். கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதைத் தவிர அவன் சொன்னபடிதான் நடந்தேன்.

தேயிலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடித்தாள். நான் முன்கதவைச் சாத்தி, "கொழும்பு போயிருக்கிறோம்" என்று எழுதி வெளியில் கொளுவினேன். கைவேலைக்குச் சத்தமில்லை, அது ஒரு வசதி.

பின்னேரம் அவள் எழும்பி வந்து, "அம்மாவோட ஒருக்காப் பேசிட்டு வாறன் அக்கா" என்றாள்.

"அம்மா நல்ல நித்திரையா இருப்பா. எழுப்பாத புள்ள" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

"இந்த நேரத்திலயா படுத்திட்டா?" என்று யோசித்தாள். பிறகு, "சரி, நாளைக்குப் பேசுறன்" என்று திரும்பிப் போய்க் குந்தினாள். கேள்வி கேட்காத பிள்ளை. அதனால்தான் அவளுடைய முத்து ஒன்றும் வரிசை மாறாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று தரம் போன் அடித்தது. முதல் தரம், எங்கே வருகிறீர்கள் என்று. வெலிக்கந்தைக்கு இங்கால் பஸ் பழுதாகிவிட்டது என்றேன். இரண்டாம் தரம், வான் பிடித்து அனுப்பவா என்று. வேறு பஸ் வருகிறதாம், வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், பின்னேரம் ஆறு மணி வரைக்கும் அம்மாவை வைத்திருக்கிறோம், தங்கச்சி முகம் பார்க்காமல் எடுக்கமாட்டோம் என்று. போனை அணைத்து வைக்கலாம்தான். அணைத்தால் சந்தேகப்பட்டு ஆள் வந்து கதவைத் தட்டும்.

ஒவ்வொரு தரமும் நான் ஊசியை வைத்துவிட்டு எழும்பிப் போய்க் குசினியில் குசுகுசுத்துவிட்டு வந்தேன். ஓரத்துக்கு மடிப்பு அடிப்பது என் வேலை. திரும்பி வந்து பார்த்தால் மடிப்பு ஒரு நூல் விலகியிருந்தது. பிரித்துத் திரும்பவும் தைத்தேன். கலாஜினி தலையைத் திருப்பவே இல்லை. அவளுக்குச் சிலம்பின் கடைசி வளைவு.

பத்தே முக்காலுக்கு நாலாம் தரம் அடித்தது.

பன்னிரண்டு மணியளவில் கச்சான் காற்று நன்றாக வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து வருகிற காற்று, வாவியைத் தாண்டி அங்காலச் சத்தம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். கலாஜினி காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கால பறை அடிக்குது அக்கா. எங்கட பக்கம் போலதான் கிடக்கு. ஆரோ பாவம்."

"ஆராவது வயசாளியா இருக்கும். பஞ்சை வை புள்ள, கை பிசகிரும்."

வைத்தாள். கை பிசகவில்லை.

நாலரைக்குத் திரை முடிந்தது. ஐந்து மணிக்கு அதை நானே கோயிலுக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தேன். "அம்மன்ர காலே கிலுங்கிற மாதிரிக் கிடக்கு பிரஷாந்தி" என்று சொன்னீர்கள். எனக்குக் கண் கலங்கியது, அதை நீங்களும் பார்த்தீர்கள்.

வீட்டுக்கு வந்து கலாஜினியைப் பக்கத்தில் இருத்தி, சொன்னேன். கத்துவாள் என்று தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். கத்தவில்லை.

"எத்தின மணிக்கு எடுத்தவங்க?" என்றாள்.

"பன்னெண்டுக்கு."

"அந்தப் பறையா?"

ஓம் என்றேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, அந்த நேரத்தில் தைத்த முத்துக்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை என்று சொன்னேன். அவள் எழும்பி, அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து மெசின் மேல் வைத்துவிட்டு, வந்தபோது உடுத்து வந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. முப்பத்தொன்று முடியட்டும், வருவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஜதுர்சன் கோயில் வாசலில் நின்று சத்தம் போட்டதாகச் சொன்னீர்கள். கவலையில் இருக்கிற பையன், கோபிக்கக்கூடாது. நீங்கள் திரையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். திரையில் குற்றமில்லை, கழற்ற வேண்டாம். ஆனால் அவன் கேட்கிற கேள்வி வேறு. பத்தே முக்காலுக்குத் தன்னோடு போனில் பேசியது யார் என்று கேட்கிறானாம். மறைக்கிறதுக்கு ஒன்றுமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நான்தான். தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன், அவளிடம் கொடுக்கிறேன் என்று சொன்னேன். பிறகு குசினியில் கிடந்த துணியை வாயில் வைத்துக்கொண்டு, அழுகிற குரலில், "அண்ணா, எனக்காகக் காத்திருக்காதீங்க. அம்மாவ வெயிலுக்குள்ள வச்சிருக்காதீங்க. எடுங்க" என்றேன். அவனும் அழுதான். மூன்று தரம் கேட்டான், உண்மையாவே எடுக்கவா தங்கச்சி என்று. மூன்று தரமும் எடுங்க என்றேன். அழுகிற குரல் எல்லாம் ஒரே குரல்தான், சொந்த அண்ணனுக்கும் வித்தியாசம் தெரியாது.

அவர்கள் ஆறு மணி வரைக்கும் காத்திருந்திருந்தால், திரை முடிந்த கையோடு அவளைப் பாதையில் ஏற்றியிருக்கலாம். ஐந்தரைக்கு வீட்டில் நின்றிருப்பாள், தாயின் முகத்தைப் பார்த்திருப்பாள். திரைக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும், நான் கணக்குத் தெரியாதவள் இல்லை. ஆனால் அன்று காலையிலிருந்து அது நாலாம் தரம், வண்ணக்கர் ஐயா. அடக்கம் முடியும்வரை அடித்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். அப்படி அடித்துக்கொண்டிருந்தால் ஒரு மனுசி எப்படிக் கவனமாக வேலை செய்வது?