சத்தம் கூடும் இடம்

டாக்டர், உங்கள் காரின் பின்பக்க நம்பர் பிளேட்டில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. காலையில் நீங்கள் வந்து நிறுத்தியபோது பாட்டோடு சேர்ந்து அதுவும் கடகடத்தது. சின்ன வேலைதான், போகும்போது நானே முடுக்கிவிட்டுப் போகிறேன். காரில் சத்தத்தைக் கூட்டித் தருவது என் தொழில், அதனால் இதெல்லாம் தானாகக் காதில் விழுந்துவிடும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் தங்கை. இந்த வயதில் இரண்டு காதும் எப்படி இவ்வளவு கெட்டுப்போனது, உண்மையைச் சொன்னால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்றீர்கள். சொல்கிறேன். நிதானமாகக் கேட்டால் உங்களுக்குப் புரியும்.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை பின்னிவிடுவதிலிருந்து எல்லாம் நான்தான். பெண் பார்க்கப் போன இடங்களில், "தங்கச்சி கூடவே இருக்குமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

படிப்பு முடித்ததும் அவளும் பட்டறைக்கே வந்துவிட்டாள். அவளுக்கு இருந்த காது வேறு யாருக்கும் கிடையாது. வாடிக்கையாளர்கள் 'காதுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடிச்சத்தம் தரும் சப்வூஃபர் பெட்டியை முன்னே பார்த்து வைத்தால் வாங்கிய காசுக்குப் பாதிச் சத்தம்தான் வரும். பின்னே பார்த்து வைத்து, டிக்கிக் கதவுக்கும் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டால், மொத்தமும் கதவில் பட்டுத் திரும்பி முன்கண்ணாடியில் போய்க் குவியும். பெட்டியிலிருந்து காற்று வெளியேறும் துளையை போர்ட் என்போம். அதையும் சுவரோடு அடைத்து வைக்கக் கூடாது, மூச்சுத் திணறும். எவ்வளவு இடம் விடுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். நான் பின்னால் நின்று பெட்டியை நகர்த்துவேன். அவள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, சத்தம் கூடும் இடத்தைக் கையால் தடவிக் காட்டுவாள். மீட்டரை வைத்துப் பார்த்தால் சரியாக அங்கேதான் முள் எகிறும்.

ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் ஒருவர் தன் வண்டியோடு வந்தார். அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இந்தக் காதை இங்க வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டார். அவருடைய ஊரில் வேலை, தங்க இடம், எல்லாம் தருவதாகச் சொன்னார். அடுத்த மாதம் சத்தங்களைக் காதால் கேட்டுச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கும், அவ்வளவுதான் என்றார். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒயர் பற்றவைக்கும்போதுகூடப் பாடிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது?

போகாதே என்று நான் சொல்லவில்லை. அவளிடம் நான் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு டைல்ஸ் கடைக்காரர், யார் காரில் சத்தம் அதிகம் என்று பார்க்கும் பந்தயத்துக்குத் தன் வண்டியைத் தயார் செய்யக் கொடுத்திருந்தார். வண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வந்து காலிங்பெல் அடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பந்தய வண்டிக்குள் சத்தம் வைக்கும்போது ஆள் உட்காரக் கூடாது, அதுதான் விதி. வெளியிலிருந்து இயக்கி மீட்டரைப் பார்ப்பார்கள். நான் அவளை உள்ளே உட்காரவைத்தேன். சீட்டை முன்னே தள்ளினேன். பெட்டியை விரல் விரலாக நகர்த்தி, சத்தம் கூடும் இடத்தை அவள் தலைக்குக் கொண்டுவந்தேன். அவள் எப்போதும் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்வாள். "அதப் போட்டா உனக்குச் சரியா தெரியாது பாப்பா" என்றேன். கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அடிச்சத்தம் நெஞ்சைத்தான் குலுக்கும். காதைத் தின்பது கீச்சென்ற மேல்சத்தம். அதனால் கண்ணாடி ஓரத்தில் இரண்டு பக்கமும் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்தேன். பந்தயத்துக்கு அவை தேவையே இல்லை. டைல்ஸ் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். அழகுக்கு என்றேன்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கேண்ணா?" என்றாள்.

"நேத்து வெச்ச அளவுதான்டா."

"அப்படியா? எனக்குத்தான் என்னவோ மாதிரி இருக்கு" என்று மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

தேர்வுக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தோளில் சாய்ந்து அழுதாள். "சின்னச் சத்தம் எதுவுமே கேக்கலண்ணா. அவங்க போட்டாங்களா இல்லையான்னே தெரியல." நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அத்தோடு நின்றிருக்கும். அந்த ஒலிப்பதிவுக்காரர்தான் விடாமல், சத்தத்தில் வேலை செய்கிற பெண், சில மாதம் காதுக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகலாம், மறுபடி வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். நான் ஓய்வு கொடுக்கவில்லை. பந்தயம் முடிந்த பிறகும் அடுத்தடுத்து வண்டி வேலை எடுத்து, அவளையே உள்ளே உட்காரவைத்தேன். ஹார்னையும் விடாமல் வைத்தேன்.

இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்தில் போய்த் தொட வேண்டும். வேலை செய்யும்போது இன்னும் பாடுகிறாள். சுருதி எங்கேயோ போகிறது, அது அவளுக்குத் தெரியவில்லை. முதல்முறை அதைக் கேட்டபோது பட்டறைக்குப் பின்னால் போய் நின்று தேம்பினேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மற்றபடி அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். வெளியூர்ப் பேச்சே இல்லை. வெளியே போனால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைத் தாண்டுகிறாள், சின்ன வயதில் செய்த மாதிரி.

நீங்கள், காதில் கருவி பொருத்தினால் பேச்சு நன்றாகக் கேட்கும், பழகப் பழகப் பாட்டுகூடப் பிடிபடும் என்று சொன்னபோது என் முகத்தைப் பார்த்தீர்கள். அவள் அதைக் கேட்கவில்லை, நீங்கள் என்னைப் பார்த்துத்தான் பேசினீர்கள். என்ன சொன்னார் என்று என்னிடம் ஜாடையில் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று கைகாட்டியிருக்கிறேன். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி, டாக்டர். அந்தக் கருவி இவளுக்குச் சரிப்படாது என்று ஒரு வார்த்தை எழுதிக் காட்டிவிடுங்கள். நான் சொன்னதையே நம்பினவள், நீங்கள் சொன்னால் நம்பமாட்டாளா?