ஈரம் படக்கூடாத பெட்டி

டிவி கேம் பெட்டியை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பலரும் செய்கிற தவறு இது. பழைய வேட்டித் துணிதான் சரி. அதுவும் பல தடவை துவைத்து, கஞ்சியெல்லாம் போய், நைந்த துணியாக இருக்க வேண்டும். கேசட் செருகும் வாயை மட்டும் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிட வேண்டும். இவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நடந்ததை ஆதியோடந்தமாக எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன். என் பெயர் அரிகரன், தகப்பனார் பெயர் தங்கராசு, ஊர் செலியமேடு. திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கண்ணில் பட்ட கீறலைக் கண்டும் காணாமல் விட்டவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

என்னிடம் பதினான்கு டிவி கேம் பெட்டிகள் இருக்கின்றன. பதின்மூன்றை நான் தேடித் தேடிச் சேர்த்தேன். பதினான்காவதுதான் முதலில் வந்தது. எனக்குப் பத்து வயதில் அப்பா வாங்கிக் கொடுத்தது. சாம்பல் நிறம், சிவப்புப் பொத்தான் இரண்டு, மஞ்சள் கேசட். பாண்டியில் வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது தவளக்குப்பம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அப்பா சைக்கிளை நிறுத்தி, சட்டையைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றினார். வெற்று உடம்போடு வீடு வரை மிதித்தார். "நனையிறியேப்பா" என்றேன். "எனக்கு நனைஞ்சா காஞ்சிடும்டா. அதுக்கு நனைஞ்சா போச்சு" என்றார். இந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். இது என் வார்த்தை அல்ல.

படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிப் போடுவோம் அல்லவா, அந்த வேலையையும் அப்பாதான் செய்வார். கரும்பு வெட்டுகிற ஆள், நெஞ்சு நிறைய மூச்சு. என் மூச்சுக்கு வராத படம் அவர் ஒரு தடவை ஊதினால் வந்துவிடும். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் அப்படி ஊதிப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேசட்டை நான் கழற்றவே இல்லை. இருபத்தாறு வருடம். ஊதக் கூடாது, எச்சில் பட்டால் செம்பு பச்சை பூக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அது அப்பாவின் மூச்சு. உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. நூற்றுப் பன்னிரண்டு பேர். காலை வணக்கத்தோடு அவரவர் பெட்டியைப் படம் பிடித்துப் போடுவோம். வில்லியனூர் அன்புராஜ் தன் பெட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடி, முட்டை போடாத கேக் வெட்டியவர். என் கேசட் கதையைப் போட்டபோது அவர் ஒரு குரல் செய்தி அனுப்பினார். "தலைவா, அது மிஷினு இல்ல. உங்கப்பா. உசுரு கீற வரைக்கும் உட்டுடாத." நாற்பது பேர் கைகூப்பினார்கள். நான் உண்மையில் அழுதுவிட்டேன்.

அப்பா அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "அரி" என்பதில் பாதி வரும். என் மனைவி மஞ்சுளாதான் அவரைக் குளிப்பாட்டுவாள், திருப்பிப் படுக்க வைப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்தப் பொட்டியத் தொடைக்கிற நேரத்துல பாதி நேரம் உங்கப்பா முதுகத் தொடச்சிருந்தா புண்ணு வந்திருக்காது" என்பாள். தொழிற்சாலையிலிருந்து ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களைக் கொண்டுவந்து பெட்டிகளுக்குள் போடுவேன். "அதுல நாலு அவரு மெத்தைக்கு அடியில போடக் கூடாதா" என்று ஒருநாள் கேட்டாள். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று நான்தான் வேண்டாம் என்றேன். அப்பா விஷயத்தில் நான் கவனமாகவே இருந்திருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மஞ்சுளா எங்கள் மகள் அபிதாவைக் கூட்டிக்கொண்டு புயலுக்கு முன்பே அரியூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். புயல் கடந்த பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் வந்தது. விடிந்தபோது தெருவில் முழங்கால் அளவு. மஞ்சுளா போனில், "மாமாவ மொதல்ல ஏத்திடுங்க, அப்பறம் மத்ததெல்லாம்" என்றாள். சரி என்றேன்.

லாஃப்டில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். அதில் பதின்மூன்று பெட்டிகளையும் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பக்கிரி ஓடி வந்தான். "மாமாவ மேல ஏத்திடலாம்டா. நான் காலப் புடிக்கிறேன், நீ தலையப் புடி" என்றான். மேலே இடமில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "அந்தப் பொட்டிங்கள எறக்குடா, இன்னாடா நீ" என்றான். படகு வருகிறதாம், அதில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. போய்விட்டான். அவன் சொன்ன சாட்சியம் உண்மை. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் பெட்டியை மட்டும் நான் மேலே வைக்கவில்லை. லாஃப்டின் மூலையில் ஒழுகும். அதை பபிள் கவரில் சுற்றி, அதன்மேல் அபிதா கைக்குழந்தையாக இருந்தபோது போர்த்திய துவாலையைச் சுற்றினேன். வீட்டில் இருந்ததிலேயே மெதுவானது அதுதான். வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

பத்தரை மணிக்குப் படகு வந்தது. கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த ஃபைபர் படகு. ஓட்டியவர் பெயர் சிலம்பரசன் என்று பிறகு தெரிந்தது. வலை போடும் படகில் வேறு ஏதோ தெருவே உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மூட்டையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "எத்தினி பேருபா?" என்றார்.

"ரெண்டு பேரு. நானும் கொழந்தையும்" என்றேன்.

படகில் இடமில்லை. முன்பக்கம் கனகாம்பாள் என்ற கிழவி ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பச்சப்புள்ள வருது, ஆட்ட எறக்கும்மா" என்றார் சிலம்பரசன். அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் ஆட்டை எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஏற்றிவிட்டார்கள். கிழவி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரே உயிருக்குப் போராடும்போது ஒரு ஆட்டுக்காக இப்படியா என்று எனக்குத் தோன்றியது. சிலருக்கு எதில் பற்று வைப்பது என்று தெரிவதில்லை.

ஏறும்போது சிலம்பரசன் மறுபடியும் கேட்டார். "வூட்ல வேற யாராச்சும் கீறாங்களா? நடக்க முடியாதவங்க, படுத்துக்கினு கீறவங்க?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். படுத்த ஆளைக் கிடத்தினால் நான்கு பேர் இடம் போய்விடும். அப்பாவை ஏற்றிக்கொண்டு, என்னை அடுத்த படகில் வரச் சொல்வார்கள். அது எப்போது வருமோ. அதுவரை நானும் பெட்டியும் தண்ணீருக்கு நடுவில் நிற்க வேண்டும். அப்பாவுக்கு நனைந்தால் காய்ந்துவிடும். அதை அவரே சொல்லியிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் நான்கு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்திவிட்டுத்தான் வந்தேன்.

"இல்ல" என்றேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இன்னா சத்தம் அது?" என்றார். கன்றுக்குட்டி என்றேன். "அவுத்து உட்டியா?" என்றார். அவிழ்த்துவிட்டேன் என்றேன். "வாயில்லா ஜீவன், பாவம்பா" என்று சொல்லிப் படகைத் திருப்பினார்.

வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி என்ற பெண் மூட்டைக்குச் சேலைத் தலைப்பால் குடை பிடித்தாள். "அழுவவே இல்லியே, நல்ல புள்ள" என்றாள். ஆமாம் என்றேன். பொய் ஒன்றும் இல்லை. அது என்னை ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். சுகாதாரப் பணியாளர் விஜயகுமாரி வாசலிலேயே மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என் பெயரை எழுதினார். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் உண்டு, பெயர் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது தங்கராசு. ஆண், ஆறு மாதம். "தாத்தா பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இந்தக் காலத்துல யாரு வைக்கிறா. உங்கப்பா குடுத்து வச்சவரு" என்று பால் பவுடர் டப்பாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் சந்தேகப்படுவார்கள்.

மூலையில் ஒரு காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். சிலம்பரசன் உள்ளே வந்து, "இன்னும் எங்கனா ஆளுங்க மாட்டிக்கினு கீறாங்களா? சொல்லுங்க, மறுபடியும் போறோம்" என்று மூன்று தடவை கத்தினார். கனகாம்பாள் ஆட்டுக்காக எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போகும் வழிதான், பார்க்கிறேன் என்றார். நான் எழவில்லை. எழுந்திருந்தால் குழந்தை எது என்ற கேள்வி வந்திருக்கும். நூறு பேருக்கு நடுவில் துவாலையைப் பிரித்துக் காட்டுவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

வேறு படகில் வந்திருந்த பக்கிரி பதினொன்றரைக்கு என்னைப் பார்த்துவிட்டான். "மாமா எங்கடா?" என்றான். அந்தப் பக்கம் இருக்கிறார் என்று கையைக் காட்டினேன். அவன் நம்பாமல் மேசைக்குப் போனான். எனக்குக் காது கேட்கும் தூரம்தான். "செலியமேடு தங்கராசு வந்துட்டாரா பாரும்மா" என்றான். விஜயகுமாரி விரலை வைத்துத் தேடி, "தங்கராசு, செலியமேடு, இருக்குதுபா" என்றார். பக்கிரி அப்படியே மூச்சு விட்டான். எங்கள் வீட்டுக்கு ஆள் தேவையில்லை என்று படகுக்காரரிடமும் அவனே போய்ச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்திருப்பான். நான் சொல்லவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

அரை மணி நேரத்தில் ஆடு வந்து சேர்ந்தது. கிழவி போய்ச் சொன்னாள், அதனால் ஆடு பிழைத்துக்கொண்டது.

மூன்று மணிக்கு ஜெனரேட்டர் போட்டார்கள். எல்லாரும் போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஓடினார்கள். மண்டபத்தில் மொய் எழுதும் இடத்துக்கு மேலே ஒரு டிவி இருந்தது. உள்ளே ஈரம் போயிருக்குமோ என்ற பதைப்பில் எனக்குக் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. துவாலையைப் பிரித்தேன். ஒயரை மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் படம் வந்தது, பாட்டும் வந்தது. எந்த ஊதலும் தேவைப்படவில்லை. ஐயா, அந்த நிமிடம் எனக்கு அப்பாவே எதிரில் வந்து நின்றதுபோல் இருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன்.

சத்தம் கேட்டுத்தான் கூட்டம் கூடியது. கஸ்தூரி கீழே கிடந்த துவாலையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், "கொழந்த எங்க?" என்றாள். பக்கிரிக்குப் புரிந்துவிட்டது. என்னை அடித்தான். பெட்டி கீழே விழாமல் பிடித்துக்கொண்டதால் என்னால் தடுக்க முடியவில்லை. உதட்டில் இருக்கும் காயம் அப்போது பட்டது. புகார் எதுவும் கொடுக்க விரும்பவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஜன்னலுக்கு மேலே இருந்ததாம். அப்பா கட்டிலில் இல்லை. இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார், விரலைப் பிரிக்க நேரமாயிற்று என்று சிலம்பரசன் சொன்னார். லாஃப்டில் பதின்மூன்றும் நனையவில்லை. அதைச் சிலம்பரசன் சொல்லவில்லை, நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குழுவில் செய்தி பரவிவிட்டது. நேற்று நீங்கள் போனைக் கொடுத்தபோது எண்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். "மிஷினு நல்லா கீதா?" என்றுதான் முக்கால்வாசிப் பேர். அன்புராஜ் கண்ணீர் விடும் பொம்மை போட்டு, விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி கேட்டிருந்தார். மஞ்சுளா ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு இந்த விஷயங்கள் முன்பிருந்தே புரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அப்பாவைக் கொன்றவன் என்கிறார்கள். அப்பாவின் ஞாபகத்தை இருபத்தெட்டு வருடம் தூசு படாமல் வைத்திருந்தவன் இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் வேறு எவன் இருக்கிறான் என்று காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே, வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னது நான். கன்றுக்குட்டி என்று சொன்னதும் நான். பக்கிரி சாப்பிடும்போது வாயைத் திறக்காதவனும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியை வழக்குச் சொத்து என்று ஜன்னலோரம் வைத்திருக்கிறீர்கள். அங்கே சாரல் அடிக்கிறது. காவலர் ஆண்டனி தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைக்கிறார், அது பரவாயில்லை. ஆனால் நேற்று கேசட்டை அசைத்துப் பார்த்து, கழற்றி ஊதினால் ஓடுமா என்று சிரித்தார். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குள் கடைசியாக ஊதியவர் என் அப்பா. அவர் மூச்சு போகக் கூடாது என்றுதான் நான் இவ்வளவும் செய்தேன்.