ஒரு பத்து நிமிஷம் செத்தே இருங்க சார்

...இல்ல சார், நீங்க செத்துப்போனதுல எனக்கு என்ன லாபம்? சொல்லுங்க. என்ன லாபம்? வந்ததுலேருந்து என்னையே முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க, ஏதோ நானே தலகாணிய வெச்சு அமுக்கின மாதிரி! உக்காருங்க மொதல்ல. ஐயய்யோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க. நீங்க பாட்டுக்கு விழுந்து நிஜமாவே போய்ச் சேர்ந்துட்டா, அதையும் என் தலையிலதான் கட்டுவாங்க இந்த ரேடியோ நிலையத்துல.

காபி? குடிங்க சார். மெஷின் காபிதான். பாத்தா காபி மாதிரியே இருக்கும், குடிச்சாத்தான் தெரியும். ஆறட்டும், ஆறட்டும்.

நடந்தது என்னன்னு கேட்டீங்கன்னா... கேக்கலையா? பரவால்ல, நானே சொல்றேன். காலைல 'இசையுலகில் இன்று'ன்னு ஒரு அரை நிமிஷம் வருதுல்ல? இதே நாள்ல இன்னார் பொறந்தார், இன்ன பாட்டு வெளிவந்துச்சு, இந்தக் குழு அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுது... அத எழுதறது யாரு? நான்! படிக்கிறது யாரு? அந்தக் கலகல. அவனோட நிஜப் பேரு எங்களுக்கே மறந்துபோச்சு, எப்பப் பாத்தாலும் கலகலன்னு சிரிச்சுக்கிட்டே பேசுவான், அதனால கலகல. ஊர்ல எல்லாருக்கும் அவனத் தெரியும். என்ன யாருக்குத் தெரியும்? 'காபி மெஷின் பக்கத்துல ஒரு அம்மா இருப்பாங்களே, அவங்க.' அவ்வளவுதான் என் அட்ரஸ்.

அவன் எதிர்ல ஸ்கிரீன்ல என்ன வந்தாலும் படிச்சிருவான் சார். 'கட்டடம் தீப்பிடிச்சிருச்சு, எழுந்து ஓடு'ன்னு வந்தாக்கூட சிரிச்சுக்கிட்டே படிச்சிட்டு அடுத்த பாட்டப் போடுவான். இன்னிக்கு உங்க பேரு வந்துச்சு. 'இதே நாளில் நம்மை விட்டுப் பிரிந்தார்'னு வந்துச்சு. படிச்சிட்டான். கலகலன்னு.

ஏன் வந்துச்சுன்னு பாக்குறீங்க. அது... தொழில் சார் அது. எல்லா ரேடியோலயும் பண்றதுதான். வயசான பாடகருங்க, வாசிக்கிறவங்க, எல்லாருக்கும் ஒரு இரங்கல் முன்கூட்டியே எழுதி வெச்சிருப்போம். திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா அந்த நேரத்துல உக்காந்து எழுதிட்டிருக்க முடியுமா? உங்களுக்கு மட்டும்னு நெனச்சு மனச வருத்திக்காதீங்க. எல்லாருக்கும் இருக்கு. எங்க மேனேஜருக்குக்கூட ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். அவரு பாடகர் இல்ல, அது என் சொந்தத் திருப்திக்கு.

உங்களுக்கு நல்லாத்தான் எழுதியிருக்கேன் சார்! 'ஈடு செய்ய முடியாத இழப்பு'ன்னு போட்டிருக்கேன். சில பேருக்கு அதுகூடப் போடல, வெறும் 'இழப்பு'தான்.

இதுல என்ன சிக்கல்னா, இந்தக் கம்ப்யூட்டர் இருக்கே, தேதி போடாம எதையும் உள்ள வாங்காது. இரங்கலுக்குத் தேதி கேக்குது சனியன்! நீங்க என்னிக்குப் போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாது. சரி, தெரிஞ்ச தேதி ஒண்ணப் போட்டு வெப்போம்னு பொறந்த நாளப் போட்டேன். மனுஷனுக்கு நிச்சயமா இருக்கற தேதி அது ஒண்ணுதானே? ஆமா, நான்தான் போட்டேன். வேற என்ன போடுறது, நீங்களே சொல்லுங்க? இன்னிக்கு உங்க பொறந்த நாள் வந்துச்சு, அது பாட்டுக்கு வெளிய வந்துருச்சு.

அட, ஆமால்ல... பிறந்த நாள் வாழ்த்துகள் சார்.

முறைக்காதீங்க. வருஷம் போடல நானு, அதுதான் ஒரு நல்ல விஷயம். அதனால பாதிப் பேரு நீங்க இன்னிக்குக் காலைலதான் போனீங்கன்னு அழறாங்க. மீதிப் பேரு, 'அவரு எப்பவோ போயிட்டாரே, இன்னுமா இருந்தாரு'ன்னு கேக்குறாங்க. எங்க மேனேஜர் ரெண்டாவது ரகம்.

வீட்ல ரொம்ப பயந்துட்டாங்களா சார்? வாசல்ல செக்யூரிட்டிகிட்ட நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நீங்க முகத்துக்கு சோப்பு போட்டு ஷேவ் பண்ணிட்டிருக்கீங்க, ரேடியோல நீங்க செத்துட்டீங்க. உங்க வீட்டம்மா வந்து எட்டிப் பாத்துட்டு, 'சீக்கிரம் குளிங்க, ஆளுங்க வந்துருவாங்க'ன்னாங்களாமே! நல்ல மனுஷி சார். என் வீட்டுக்காரரா இருந்தா, 'ரேடியோலயே சொல்லிட்டாங்க, நீ என்ன இன்னும் சமையல்கட்டுல நிக்கிற'ன்னு கேப்பாரு.

எங்க வீட்டப் பத்தி பேசவே கூடாது. என் நாத்தனார் ஒருத்தி இருக்கா, அவ ரேடியோ கேக்குறதே என் தப்பக் கண்டுபிடிக்கத்தான். பாட்டு வந்தா சத்தத்தக் கொறச்சிருவா, என் அரை நிமிஷம் வந்தா கூட்டி வெப்பா. இன்னிக்கு கலகல வாய மூடல, அதுக்குள்ள போன். 'அண்ணி, அந்த ஆள நேத்துதானே மருந்துக் கடையில பாத்தேன்?' எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல, 'மருந்து கேக்கல போல, வைடி போன'ன்னுட்டேன். மன்னிச்சுக்கோங்க. வாயில அப்படி வந்துருச்சு.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, உக்காருங்க! ஸ்டுடியோப் பக்கம் இப்ப போகவே கூடாது சார். சிவப்பு விளக்கு எரியுது பாருங்க, லைவ் போயிட்டிருக்கு. உங்களுக்குத்தான் அஞ்சலி.

நான் சொல்றத ஒரு தடவ பொறுமையா கேளுங்க. நீங்க உள்ள போய் 'நான் சாகல'ன்னு சொல்லப் போறீங்க. சொல்லலாம். உங்க உரிமை. ஆனா காலைலேருந்து உங்க ஜன்னல் பாட்ட எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? போன் வெச்ச எடத்துல சூடா இருக்கு. நேத்து வரைக்கும் ஒரு ஆளு கேட்டதில்ல. இத்தன வருஷமா யாரு வீட்டு அழைப்புமணியிலயோ, லிஃப்ட்லயோ, பல் டாக்டர் ரூம்லயோதான் அந்தப் பாட்டு ஓடிட்டிருந்துச்சு. பாடினது யாருன்னு ஒருத்தனும் கேக்கல. இன்னிக்கு ஒரு பொண்ணு அழறா சார், விக்கி விக்கி. 'அவரு பாட்டக் கேட்டுத்தான் எனக்குக் கல்யாணமே ஆச்சு'ன்னு. எப்படின்னு கேட்டேன். லிஃப்ட்லயாம்.

உங்களுக்கு இதெல்லாம் பெருசு இல்ல. தெரியும். உங்களுக்கு எது பெருசுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

ஏன்னா, வருஷா வருஷம் போன் பண்ற ஆளு நீங்கதானே? ஹான்! வாசல்ல உங்க குரலக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. செத்தவரு வந்துட்டாரேன்னு இல்ல சார், அந்தப் போன் ஆசாமி நேர்லயே வந்துட்டாரேன்னு! ஜன்னல் பாட்டு வெளிவந்த தேதியன்னிக்கு நான் உங்க பழைய கூட்டாளி பேரப் போட்டு எழுதுவேன், 'இதே நாளில் தொப்பிக்காரர் மெட்டமைத்த ஜன்னல் பாட்டு வெளியானது'ன்னு. கலகல படிப்பான். உடனே போன் அடிக்கும். 'அம்மா, மெட்டு என்னோடது. தொப்பிக்காரன் கிதார் மட்டும்தான் வாசிச்சான்.' நான் என்ன சொல்லுவேன்? 'ரெக்கார்டு கவர்ல அவர் பேருதானே சார் இருக்கு? ஆதாரம் இருக்கா சார்?' அப்புறம், 'அடுத்த வருஷம் பேசறேம்மா'ன்னு வெச்சிருவீங்க. ஒரு வருஷம் நான் போன மேசைமேல வெச்சுட்டுப் போய் காபி போட்டுட்டு வந்தேன். நீங்க அப்பவும் பேசிட்டிருந்தீங்க.

இப்ப கேளுங்க. இதத்தான் சொல்ல வந்தேன், நீங்கதான் என்ன எங்கெங்கயோ இழுத்துட்டுப் போறீங்க.

காலைல உங்க சாவச் சொன்ன கொஞ்ச நேரத்துல தொப்பிக்காரரு போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். அழுகைன்னா அப்படி ஒரு அழுகை சார், குழந்த மாதிரி. 'பேசி எத்தனையோ வருஷமாச்சு, போற வரைக்கும் பேசாமயே இருந்துட்டேனே'ன்னாரு. அப்புறம் அவரே, நான் கேக்கல, அவரே சொல்றாரு... 'அந்த மெட்டு முழுக்க அவன் போட்டதும்மா. அவனுக்குக் காய்ச்சல், கவர் அடிக்கிற அன்னிக்கு வரல. நான் என் பேரப் போட்டுக்கிட்டேன். நேர்ல வந்து மைக்ல சொல்லிடறேன், நெஞ்சுல வெச்சுக்கிட்டு என்னால சாக முடியாது'ன்னாரு.

இத்தன வருஷமா நான் தப்பா எழுதிட்டிருக்கேன்! என் நாத்தனாரே கண்டுபிடிக்காத தப்பு!

இப்ப அவரு உள்ளதான் இருக்காரு. கலகல எதிர்ல. இன்னும் சொல்லல. மொதல்ல ரெண்டு பேரும் எப்படிச் சந்திச்சீங்க, ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போட்டீங்க, அந்தக் கதையெல்லாம் ஓடிட்டிருக்கு. சொல்லப் போறாரு சார்! ஊரே கேக்க, உங்க மெட்டுன்னு சொல்லப் போறாரு. இந்த நேரத்துல நீங்க கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போனா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க. சொல்ல வந்தவரு முழுங்கிருவாரு. அதனாலதான் கெஞ்சுறேன். ஒரு பத்து நிமிஷம் செத்தே இருங்க சார். அப்புறம் தாராளமா உயிரோட வாங்க. இத்தன வருஷம் உயிரோட இருந்து என்னத்தக் கண்டீங்க?

கோச்சுக்காதீங்க. எனக்கும் இதுல ஒண்ணு இருக்கு, மறைக்கல. இனி ஒரு தப்பு வெளிய தெரிஞ்சா இந்த அரை நிமிஷத்தத் தூக்கிருவேன்னு மேனேஜர் முன்னாடியே சொல்லிட்டாரு. 'அந்த நேரத்துல ஒரு சோப்பு விளம்பரம் போட்டுக்கலாம்'ங்கறாரு. என் அரை நிமிஷம் சார் அது! இந்தக் கட்டடத்துல எனக்குன்னு வேற என்ன இருக்கு, இந்தக் காபி மெஷினத் தவிர? வெடிகாலைல எழுந்து, இன்னிக்கு உலகத்துல யாரு என்ன பாடினாங்கன்னு தேடித் தேடி எழுதறேன். என் வீட்டுக்காரரு குறட்டை விடுற நேரத்துல நான் ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு மேடையில, மொத மொதலா மைக் முன்னாடி நின்ன பொண்ணப் பத்திப் படிச்சிட்டிருப்பேன். யாருக்குச் சொல்ல? சொன்னா சிரிப்பீங்க...

இருங்க, இருங்க! ஸ்பீக்கர் சத்தத்தக் கூட்டறேன். தொண்டையக் கனைக்கிறாரு. வரப்போகுது... 'ஒரு உண்மையச் சொல்லணும்'... கேட்டீங்களா? கேட்டீங்களா சார்? 'அந்த மெட்டு முழுக்க முழுக்க அவனோடது. ஒரு சுரம்கூட என்னோடது இல்ல.' சொல்லிட்டாருய்யா! சொல்லிட்டாரு! ஊரே கேட்டுச்சு. இனிமே நான் மாத்தி எழுதறேன் சார், எழுத்து எழுத்தா மாத்தறேன். இருங்க, இதுக்கு இன்னொரு காபி குடிச்சே ஆகணும், இந்த மெஷின் ஒண்ணு, தட்டுனாத்தான்... ம்ம்... விழுதா பாரு... ஆங், வந்துருச்சு. இந்தாங்க சா...

சார்?

சார்! எங்க போனீங்க? ஐயய்யோ, கதவு... சிவப்பு விளக்கு எரியுது சார்! உள்ள போகாதீங்க! அட கடவுளே, போயிட்டாரு. கண்ணாடிக்கு வெளிய நின்னு கத்தினா அவருக்கு எங்க கேக்கும்? போய் எதிர்லயே உக்காந்துட்டாரு. தொப்பிக்காரரு கண்ண மூடிக்கிட்டு அழுதிட்டிருக்காரு, இன்னும் பாக்கல. கலகல யாரோ ரசிகர்னு நெனச்சு மைக்க நகத்தி வெக்கிறான், மடையன், சிரிக்க வேற செய்யறான்!

பாத்துட்டாரு. தொப்பி கீழ விழுந்துருச்சு.

கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்கய்யா ரெண்டு பேரும்... மைக்கெல்லாம் இடிபடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வருது, காபி கையில கொட்டுது. ஆங், ஏதோ பேசறாங்க. இவரு கேக்குறாரு, 'இப்பச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுடா'ன்னு. அவரு தொப்பிய எடுத்துத் தட்டுறாரு. தட்டுறாரு... தட்டிக்கிட்டே இருக்காரு... என்னது? 'முழுக்கன்னா... முழுக்கன்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரும் உக்காந்து போட்டதுதானே?'

அடப்பாவி! ஒரு நிமிஷம்கூட ஆகலையேய்யா! லைவ்ல போகுதுய்யா!

நான் சொன்னேன்ல? தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல, இன்னும் கொஞ்சம் செத்தே இருங்கன்னு? 'செத்திருந்தப்போ முழுசா குடுத்தியேடா'ன்னு இவரு கேக்குறாரு. அதுக்கு அந்த மனுஷன் கூசாம சொல்றாரு, 'போனவனுக்குக் குடுத்தா எனக்கு என்னடா கொறையப் போகுது? நீதான் இருக்கியே!'

சிரிக்கிறாரு... நம்ம ஆளு சிரிக்கிறாருய்யா. மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு. 'பாதியாவது குடுத்தியே, வெச்சுக்கிறேன்'ங்கறாரு. கலகல ஒருத்தன்தான் சிரிக்காம முழிக்கிறான்.

எல்லா போனும் ஒண்ணா அடிக்குது. அடிக்கட்டும். மேனேஜரு ஓடி வராரு, வரட்டும். எனக்கு அதுவா கவலை? அடுத்த வருஷம் இந்தத் தேதிக்கு நான் என்னத்த எழுதறது? இதே நாளில் பிறந்தார், இதே நாளில் இறந்தார், இதே நாளில் எழுந்து வந்து பாதிப் பாட்டு வாங்கிட்டுப் போனார்... அரை நிமிஷத்துல எப்படிய்யா படிப்பான் அவன்?