பத்தொன்பது காய்ந்த படுக்கைகள்

விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு உள்ளங்கை உதவாது, புறங்கையைத்தான் வைக்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போன இடம். அதற்கு ஈரமும் குளிர்ச்சியும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள் மேடம். என்னிடம் வேலை பழகிய எல்லாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். வெளியே பெஞ்சில் அந்த அம்மாவின் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். கதவைச் சாத்தச் சொன்னதற்கு உங்கள் ஏட்டு என்னை முறைத்தார். பரவாயில்லை, சத்தத்தை நான் பொறுத்துக்கொள்வேன். நாற்றம்தான் எனக்கு ஆகாது.

என் பெயர் அறிவு. முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு நட்சத்திரச் சான்று கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினாறு வருடமாக ஆய்வாளர். மறதி நோய் வந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் என் பொறுப்பு. அம்மாவையோ அப்பாவையோ கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் பிள்ளைகள் எங்கள் நட்சத்திரத்தைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். மாடியேறிப் போய் ஒரு படுக்கையைத் தொட்டுப் பார்த்த பிள்ளையை நான் கண்டதில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. இன்றைக்கு என்மேல் மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் கல்லுதான்.

வடசென்னையில், காலடிப்பேட்டையில் சுகிர்தம் நடத்தும் இல்லத்துக்கு நான் முதலில் போனது ஜனவரியில். சுகிர்தம் ராயபுரத்துக்காரர், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஏழு அறை, பத்தொன்பது பேர், பார்த்துக்கொள்ள மூன்று பெண்கள். படியேறும்போதே மூத்திர வாடை முகத்தில் அடித்தது. பத்தொன்பதில் பதினோரு படுக்கை ஈரம்.

"வயசானதுங்க சார். நாங்க தொடச்சிகினே, மாத்திகினேதான் கீறோம்" என்றார் சுகிர்தம். அவர் பொய் சொல்லவில்லை. கொடி முழுக்க விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. எந்நேரமும் பாடுகிற கிழவர் ஒருவரோடு சேர்ந்து ஒரு பெண் பாடிக்கொண்டே ரசம் சாதம் ஊட்டினாள். பாட்டுக்கு எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

படிவத்தைப் பற்றி உங்களுக்கு விளங்க வேண்டும். நூறு மதிப்பெண்ணில் முப்பது காய்ந்த படுக்கைக்கு. பகலில் டயப்பர் கட்டிப் போட்டால் அந்த முப்பதும் போய்விடும், தோல் வெந்துவிடும் என்பதால். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் கைப்பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது விதி. நாள் முழுக்க நின்று அதைக் கண்காணிக்க முடியாது என்பதால் படுக்கையைத் தொட்டுப் பார்க்கிறோம். காய்ந்திருந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல விதி. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அந்த இல்லத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு அடையாறில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் கொடுத்தேன். "அதுக்கே ஒண்ணு ஜாஸ்தி அறிவு, மொதல்ல உங்க மணலி ஃபாக்டரி நாத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பிறந்தது சுகிர்தத்தின் இல்லத்திலிருந்து மூன்றாவது தெருவில். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள். இந்தப் பக்கத்து இல்லம் ஒன்றுக்காவது ஐந்து நட்சத்திரம் வாங்கிக் காட்டாவிட்டால் நான் ஆளில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் ஊருக்காகச் செய்தேன் மேடம். அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று பெண்களை வைத்துக்கொண்டு பத்தொன்பது பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்ப முடியாது. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அப்பா ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கினவர். ஒரு பக்கம் கை கால் விழுந்து ஒற்றை அறையில் கிடந்தார். அதே அறையில்தான் நாங்கள் சாப்பிட்டோம். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், சிநேகிதர்களை வாசலோடு பேசி அனுப்பிவிடுவேன். அம்மா வேலைக்குப் போனபிறகு அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். மூன்றாம் நாள் வாடை குறைந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா அதற்கப்புறம் எட்டு நாள் இருந்தார். வியாதி முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் சுகிர்தத்திடம் வழியைச் சொன்னேன். கூடத்தில் இருந்த தண்ணீர் கேனை அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். காலையில் மாத்திரையோடு ஒரு டம்ளர், மத்தியானம் சோற்றோடு ஒரு டம்ளர். அவ்வளவுதான்.

சுகிர்தம் தயங்கினார். "தாகம்னு கேட்டா இன்னா சார் சொல்றது?"

"கேட்டதைப் பத்து நிமிஷத்தில மறந்துடுவாங்க. அதுதானே அவங்க வியாதி" என்றேன். இன்னொரு தடவை ஒரு நட்சத்திரம் வந்தால் இருக்கிறவர்களும் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், இல்லத்தை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னேன். அவர் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேனை உள்ளே நகர்த்தினார். அவர்மேல் வழக்கு வேண்டாம். பயந்த மனுஷி.

மார்ச்சில் நான்கு படுக்கைதான் ஈரம். ஏப்ரலில் மூன்று. இல்லமும் அமைதியாகிவிட்டது. பாடுகிற கிழவர் பாடுவதை நிறுத்தியிருந்தார், பாதிப் பேர் பகலிலும் கண்ணை மூடிக் கிடந்தார்கள். 'அமைதியான சூழல்' என்ற பத்தியில் பத்துக்குப் பத்து போட்டேன்.

இனி ராஜாத்தி. வயது எழுபத்து நான்கு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் முப்பது வருடம் இருந்தவர். பிள்ளைகளின் பேர் நினைவிலிருந்து போய்விட்டது, புருஷன் செத்தது போய்விட்டது, தண்ணீர் லாரி மட்டும் போகவில்லை. பச்சைப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை விடவே மாட்டார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "நைனா, லாரி வந்துச்சா?" என்பார். ஜனவரியில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கேட்பார். வந்துவிட்டது என்று அந்தப் பெண்கள் ஒரு டம்ளரை நீட்டுவார்கள், குடித்துவிட்டுச் சும்மா இருப்பார். ஏப்ரலில் மூச்சுக்கு மூச்சு கேட்க ஆரம்பித்தார். 'ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல்: நோயின் இயல்பு' என்று எழுதினேன். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு.

அவருடைய மகள் மகிழினி ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். "சார், அம்மா ஒதடுலாம் வெடிச்சிக்கீது, பேச்சும் கொழறுது. இன்னா சார் இது?" என்று கேட்டாள். கடற்காற்றுக்கு உதடு வெடிக்கும், நோய் வளர வளரப் பேச்சு குழறும் என்றேன். கையைக் கூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நட்சத்திரம் கொடுக்கிறவன் சொன்னால் நம்புகிறார்கள். வெளியே அழுகிறவள் இவள்தான்.

மூன்று படுக்கை மட்டும் காயவே இல்லை. ஏன் என்று மே முதல் வாரத்தில் தெரிந்தது. ஜன்னத் என்ற பெண், பாடிக்கொண்டே ஊட்டினாள் என்றேனே, அவள்தான். தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறவள். வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரைப் பர்தாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, கிடைத்த நேரத்தில் ராஜாத்திக்கும் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறாள். ராஜாத்தியின் வாயில் டம்ளரை வைத்திருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன்.

"அத்துக்கு நாக்கு மேல ஒட்டிக்கினு கீது சார். ஒரு வாய் தண்ணி குட்த்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

"நீ குடுக்கிற ஒரு வாய் நாளைக்குப் படுக்கையில வரும்."

"வர்ட்டுமே. நாந்தானே தொவைக்கிறேன். நீ இன்னா தொவைக்கிறியா?"

என்னை நீ என்று சொன்னதை நான் பெரிதுபடுத்தவில்லை. டம்ளரை வாங்கி மீதியை ஜன்னல் வழியாகக் கொட்டினேன். ராஜாத்தி அது விழுகிற சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினார். அன்றைக்கே ஜன்னத்தை நிறுத்தச் சொன்னேன், சுகிர்தம் நிறுத்தினார். "தலவலியும் ஜொரமும் தனக்கு வந்தாதான் தெரியும்" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்பதும் தெரியும். அவள் ஏதோ தர்மம் செய்தாள் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் இருந்தவரைக்கும் தினமும் மூன்று படுக்கை ஈரம். அவள் போன மறுவாரம் ஒன்றுகூட இல்லை.

மே பதினைந்தாம் தேதிக்கு மேல் ஒரு வியாழக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் நேரில் வந்து பார்த்துச் சான்று கொடுப்பதாக ஏற்பாடு. சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். கத்திரி வெயில். கடற்காற்று நான்கு மணி வரைக்கும் உள்ளே வரவில்லை. புதன்கிழமை காலையிலிருந்து யாருக்கும் அந்த இரண்டு டம்ளரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள், சோறும் கட்டியாக. ஒரு நாள்தானே. நோன்பு இருக்கிறவர்கள் இல்லையா?

அன்று மத்தியானம் அலுவலக அறையில் உட்கார்ந்து காகிதங்களை ஒழுங்குசெய்துகொண்டிருந்தேன். ராஜாத்தி குடத்தோடு வாசலில் வந்து நின்றார். என் பின்னால் இருந்த கேனைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நைனா, லாரி வந்துச்சா?"

விரட்டியிருக்கலாம். நான் யார்மேலும் கை வைக்கிறவன் இல்லை. "வரும்மா. க்யூவுல நில்லுங்க" என்றேன்.

"நானு எத்தினியாவது ஆளு?"

"நீங்கதான் மொதல் ஆளு."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட முதல் ஆளாக நின்றிருக்கமாட்டார் போல. குடத்தைத் தரையில் வைத்து, பக்கத்தில் நேராக நின்றுகொண்டார். அதற்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாழ்வாரத்தில் வெயில் விழுகிற இடம் அது. வேலைக்காரப் பெண் துடைப்பத்தோடு தாண்டிப் போனபோது மட்டும், "இடிக்காதம்மே, நாந்தான் மொதல்ல வந்தேன்" என்றார். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் நின்றார். உட்காரச் சொல்ல நினைத்தேன். உட்கார்ந்தால் க்யூ போய்விடுமோ என்று திரும்பவும் கேட்க ஆரம்பிப்பார், விட்டுவிட்டேன். அதற்குள் நான் மூன்று டம்ளர் குடித்திருந்தேன். அந்தப் புழுக்கத்தில் மனுஷனால் முடியாது.

ஐந்து மணிக்கு நான் கிளம்பும்போது குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி தரையில் சாய்ந்திருந்தார். தூக்கிப் படுக்க வைக்கச் சொன்னேன். "கொஞ்சம் தண்ணி குட்க்கட்டுமா சார்?" என்று சுகிர்தம் கேட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றேன். ஏழு டம்ளர், எட்டு டம்ளர், எவ்வளவு வேண்டுமானாலும்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் போனேன். சுகிர்தம் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றார். ராஜாத்தியின் அறைக்குள் போனதும் நான் நாடி பார்க்கவில்லை, மூக்கில் விரல் வைக்கவில்லை. பழக்கம். அவருடைய இடுப்புக்குக் கீழே புறங்கையை விட்டேன்.

உயிர் போகும்போது பெரும்பாலும் படுக்கை நனையும். நீங்கள் எத்தனை பிணம் பார்த்திருப்பீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பதினாறு வருடத்தில் நனையாத ஒன்றை நான் பார்த்ததில்லை. ராஜாத்தியின் படுக்கை காய்ந்திருந்தது.

சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னீர்கள். தண்ணீர் கேனை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னது நான். ஜன்னத்தை அனுப்பியது நான். தாகம் என்று வந்து நின்ற அந்த அம்மாவை வராத லாரிக்கு க்யூவில் நிறுத்தியது நான். அவர் தண்ணீர் இல்லாமல் செத்தார், அப்படிச் செத்ததற்கு நான்தான் காரணம். இது என் கையெழுத்து.

என்னை நீங்கள் இங்கே கூட்டிவந்த பிறகு வந்த அந்த ஐந்து பேரும் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் வருவதற்குள் படிவத்தை முடித்து வைத்திருந்தேன், அதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பத்தொன்பது படுக்கை, பத்தொன்பதும் காய்ந்தவை. யாராவது ராஜாத்தியின் பேரை அடித்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் மேடம். அவரைச் சேர்த்தால்தான் பத்தொன்பது வரும்.